எல்.எச்.சி காந்தங்களும் ராக்ஸியும்: மென்பொருள் தேர்வில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஜெனீவாவுக்குப் பக்கத்தில், பிரான்ஸ், சுவிட்சர்லாந்து எல்லைக்கு அடியில், 26.7 கி.மீ சுற்றளவுள்ள சுரங்கம் ஒன்று இருக்கிறது. செர்ன் ஆய்வகத்தின் எல்.எச்.சி என்ற துகள் முடுக்கி அதற்குள்தான் ஓடுகிறது. புரோட்டான்கள் நேர்கோட்டில் போய்ச் சுவரில் முட்டாமல் வளைத்துத் திருப்புவதற்காக 1232 இருமுனைக் காந்தங்களை அங்கே வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15 மீட்டர் நீளம். 1.9 கெல்வின் குளிரில், 11,850 ஆம்பியர் மின்னோட்டத்தில், 8.33 டெஸ்லா புலம் தரும்படி வடிவமைக்கப்பட்டவை.

இந்தக் காந்தங்களின் வடிவம் உருவான 1990களில், காந்தப்புலம் கணக்கிடும் மென்பொருளுக்குப் பஞ்சமே இல்லை. அமெரிக்காவில் உருவாகி, லாஸ் அலமோஸ் ஆய்வகம் பராமரித்துவந்த பாய்சான் இருந்தது. இங்கிலாந்தின் ரூதர்ஃபோர்டு ஆப்பிள்டன் ஆய்வகத்தில் பிறந்து, பிறகு ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்து நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பொருளான டோஸ்கா இருந்தது; இன்று அது ஓபரா என்ற பெயரில் கிடைக்கிறது. இடத்தைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கணக்கிடும் பொதுப் பயன்பாட்டு ஃபைனைட் எலிமென்ட் தொகுப்புகளும் இருந்தன. அப்படியிருந்தும் செர்ன் தனக்கென ஒன்றை எழுதிக்கொண்டது. அதன் பெயர் ராக்ஸி. ஸ்டெஃபான் ருஸ்ஸென்ஷுக் என்ற பொறியாளர் முன்னின்று வளர்த்த ஃபோர்ட்ரான் நிரல் அது.

கையில் தயாரான மென்பொருள் இருக்கும்போது சொந்தமாக எழுதுவது பெரும்பாலும் வீண் வேலை. சொந்த நிரல் என்றால் சோதனை, ஆவணம், எழுதியவர் வேலையை விட்டுப் போனால் யார் பார்ப்பது என்று தலைவலி நீண்டுகொண்டே போகும். எனவே செர்ன் ஏன் அதைச் செய்தது என்பது கொஞ்சம் உட்கார்ந்து பார்க்க வேண்டிய கேள்வி.

கேட்ட எண் எது?

எல்.எச்.சி காந்தத்தின் மையத்தில் 8.33 டெஸ்லா வருகிறதா என்பது கடினமான கேள்வி அல்ல. ஒரு தாளில் போட்டுப் பார்த்தாலே கிட்டத்தட்ட விடை வந்துவிடும். சற்றுக் கூடக் குறைய இருந்தால் மின்னோட்டத்தைத் திருத்திக்கொள்ளலாம். கடினமானது வேறு: கற்றை செல்லும் பகுதி முழுக்க அந்தப் புலம் ஒரே சீராக இருக்க வேண்டும். புரோட்டான் கற்றை ஒரு நொடிக்கு 11,245 முறை வட்டத்தைச் சுற்றுகிறது. மணிக்கணக்கில் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் 1232 காந்தங்கள் வழியாகப் போகிறது. புலத்தில் இருக்கும் சிறு கோணல்கூட திரும்பத் திரும்ப அதே இடத்தில் தள்ளித் தள்ளிக் கற்றையைக் கலைத்துவிடும்.

இந்தக் கோணலை அளக்க ஒரு வழக்கம் உண்டு. மையத்திலிருந்து 17 மி.மீ ஆரத்தில் ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டத்தின் மேல் புலம் எப்படி ஏறி இறங்குகிறது என்று ஃபூரியே முறையில் தனித்தனி அலைகளாகப் பிரிப்பார்கள். முதல் உறுப்பு நமக்கு வேண்டிய இருமுனைப் புலம். மற்றவையெல்லாம் வேண்டாத ஹார்மோனிக்குகள்: பி2 நான்முனை, பி3 அறுமுனை, பி5 பத்துமுனை, இப்படி. முதன்மைப் புலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கை ஒரு யூனிட் என்பார்கள். காந்தக்காரர்களின் பேச்சில் எல்லாமே யூனிட்தான்.

8.33 டெஸ்லாவில் ஒரு யூனிட் என்பது 0.83 மில்லிடெஸ்லா. சென்னையில் புவியின் காந்தப்புலம் சுமார் 0.04 மில்லிடெஸ்லா, அதைப்போல் இருபது மடங்கு. தனியாகப் பார்த்தால் குறைந்த அளவு இல்லை. ஆனால் 8.33 டெஸ்லாவுக்கு நடுவில் அதைப் பிரித்தெடுக்க வேண்டும் என்றால், கணக்கு நான்காவது இலக்கம் வரை நம்பும்படி இருந்தாக வேண்டும். ஒரு யூனிட்டுக்குள் ஏற்ற இறக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஐந்தாவது இலக்கம்.

மென்பொருள் தேர்வு இந்த இடத்திலேயே பாதி முடிந்துவிட்டது என்பது என் கருத்து. வண்ணப்படம் எவ்வளவு அழகாக வருகிறது, எத்தனை பொருள்களின் பண்புகள் உள்ளே இருக்கின்றன, வெப்பக் கணக்கோடு சேருமா என்பதெல்லாம் அடுத்த கட்டம். ‘எந்த எண், எத்தனை இலக்கம்’ என்று எழுதி வைக்காமல் அம்சங்களை அட்டவணை போட்டு மென்பொருள்களை ஒப்பிடும் அறிக்கைகளை நிறையப் பார்க்கலாம். அவற்றால் யாருக்கும் பயன் இல்லை.

முதலில் நோட்டுப் புத்தகம்

மென்பொருளுக்குப் போகும் முன் கையால் எவ்வளவு தூரம் போக முடிகிறது என்று பார்ப்போம். எல்.எச்.சி காந்தத்தின் கம்பி மீக்கடத்தி, அதாவது கடுங்குளிரில் மின்தடை இல்லாமல் போகும் பொருள். இப்படிப்பட்ட காந்தத்தில் புலத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது இரும்பு அல்ல, கம்பி எந்த இடத்தில் ஓடுகிறது என்பதுதான். குழாயைச் சுற்றி மின்னோட்டம் கோசைன் வடிவில் பரவியிருந்தால் உள்ளே சுத்தமான இருமுனைப் புலம் கிடைக்கும். அப்படிக் கம்பி சுற்ற முடியாது. எனவே துண்டு துண்டான பாளங்களாக வைக்கிறார்கள்.

எளிய நிலையில், ஒவ்வொரு கால் பகுதியிலும் நடுத்தளத்திலிருந்து 60 பாகை வரை ஒரே பாளமாகச் சுருளை வைத்தால் என்ன ஆகும்? பாளம் முடியும் கோணம் θ என்றால், பி3 என்பது சைன் 3θ-வைப் பொறுத்தது. மூன்று தரம் அறுபது 180. சைன் 180 பூஜ்யம். பி3 போய்விட்டது. ஆனால் சைன் 300 பூஜ்யம் இல்லை, பி5 நிற்கிறது. சரி, பாளத்தை இரண்டாக உடைப்போம்: 0 முதல் 48 பாகை வரை ஒன்று, 60 முதல் 72 வரை இன்னொன்று, இடையில் செப்பு ஆப்பு. இப்போது பி3-க்கு சைன் 216, கழித்தல் சைன் 180, கூட்டல் சைன் 144. அதாவது −0.588, 0, +0.588. பூஜ்யம். பி5-க்கு சைன் 360, கழித்தல் சைன் 300, கூட்டல் சைன் 240: 0, +0.866, −0.866. அதுவும் பூஜ்யம். பி7, பி11 போன்ற மேல் உறுப்புகள்தான் மிஞ்சுகின்றன. ஒரு கால்குலேட்டரில் இரண்டு நிமிட வேலை.

நிஜக் காந்தத்தில் சிக்கல் எங்கே தொடங்குகிறது? கம்பி என்பது தட்டையான ரூதர்ஃபோர்டு கேபிள். உள் அடுக்கில் 1.065 மி.மீ விட்டமுள்ள 28 இழைகள், வெளி அடுக்கில் 0.825 மி.மீ விட்டமுள்ள 36 இழைகள். கேபிளின் குறுக்குவெட்டு சரிவகம் போல ஒரு பக்கம் சற்றே மெலிந்தது. முழு எண்ணிக்கைச் சுற்றுகளாகத்தான் வைக்க முடியும், அரைச் சுற்று கிடையாது. அப்புறம் சுருளைச் சுற்றி நிற்கும் இரும்பு உறையான யோக். எல்.எச்.சியில் இரண்டு கற்றைக் குழாய்களும் ஒரே யோக்குக்குள் 194 மி.மீ இடைவெளியில் இருக்கின்றன. அதனால் ஒவ்வொரு துளைக்கும் இடம், வலம் ஒத்திருப்பதில்லை. இரும்பு நிறைவடையத் தொடங்கியதும், அதாவது அதற்குமேல் காந்தமாக முடியாத நிலைக்கு வந்ததும், பி2 எட்டிப் பார்க்கிறது. இரும்பு முழுவட்டமாகவும் நிறைவடையாமலும் இருந்தால் கண்ணாடிப் பிம்பம் போலக் கற்பனை மின்னோட்டங்களை வைத்து இதையும் கையால் போட்டுவிடலாம். 2 டெஸ்லாவுக்கு மேல் இரும்பு சோர்ந்துவிடுவதால் அந்த வழி அடைபடுகிறது. கணினி தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

மெஷ் தரும் தொல்லை

சாதாரண ஃபைனைட் எலிமென்ட் மென்பொருள், இடம் முழுவதையும் முக்கோணங்களாக வெட்டுகிறது. இந்த வலைதான் மெஷ். காற்று, சுருள், இரும்பு எல்லாவற்றுக்கும் மெஷ். அது நேரடியாகக் கணக்கிடுவது காந்தப்புலத்தை அல்ல, வெக்டர் பொட்டென்ஷியலை. அதன் சரிவிலிருந்துதான் புலத்தை எடுக்கிறது. முதல்படி முக்கோணம் என்றால் ஒரு முக்கோணத்துக்குள் புலம் ஒரே மதிப்பு. அடுத்த முக்கோணத்தில் திடீரென்று வேறு மதிப்பு. மோட்டாருக்கோ ரிலேவுக்கோ இது போதும். ஆனால் கற்றைக் குழாய்க்குள் வட்டம் போட்டு பத்தாயிரத்தில் ஒரு பங்கைத் தேடும்போது, கிடைக்கும் எண் காந்தத்தின் குணமா, மெஷ்ஷின் குணமா என்று தெரியாமல் போகும்.

இதில் ஓபராவைக் குறை சொல்வது நியாயம் இல்லை. சுருளின் புலத்தை, மின்னோட்டத்திலிருந்து நேரே புலம் தரும் பயோ–சவார் விதியால் தனியே கணக்கிட்டு, இரும்பின் பங்கை மட்டும் மெஷ்ஷில் தீர்க்கும் உத்தி டோஸ்காவில் தொடக்கத்திலேயே இருந்தது. ஆனாலும் காற்றுக்கு மெஷ் வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகளைக் கேபிள் கேபிளாக, பாளம் பாளமாக வைத்து, ‘இந்த ஆப்பை அரைப் பாகை நகர்த்து, மறுபடி போடு’ என்று ஆயிரக்கணக்கில் ஓட்டுவதற்காக அது உருவாக்கப்படவில்லை.

ராக்ஸி இந்தக் கணக்கை இரண்டாகப் பிளந்துகொண்டது. ஒவ்வொரு இழையையும் ஒரு கோட்டு மின்னோட்டமாகக் கொள்கிறது. கோட்டு மின்னோட்டத்தின் ஹார்மோனிக்குகளுக்கு நேரான சூத்திரம் உண்டு. மெஷ் தேவையே இல்லை. மெஷ் போடுவது இரும்புக்கு மட்டும். சுற்றியுள்ள காற்றை, இரும்பின் மேற்பரப்பில் எழுதும் பவுண்டரி எலிமென்ட் சமன்பாடு பார்த்துக்கொள்கிறது. இந்த இணைப்பு முறை ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தின் கூட்டுறவில் வந்தது. இரும்புக்கான இன்னொரு வழி, கிராட்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து.

இதன் பலன் ஒரு கூட்டல் கணக்கில் தெரியும். எல்.எச்.சி இருமுனைக் காந்தத்தில் சுருளுக்கும் இரும்புக்கும் நடுவே சுருளை இறுக்கிப் பிடிக்கும், காந்தத்தன்மை இல்லாத எஃகுக் காலர்கள் இருக்கின்றன. இரும்பு தள்ளி நிற்பதால் மையப் புலத்தில் அதன் பங்கு ஏறக்குறைய 20 சதவீதம்தான். மீதி 80 சதவீதம் சூத்திரத்தால் வருகிறது. அதில் மெஷ் பிழை கிடையாது. மெஷ்ஷில் வரும் பிழை எதுவானாலும் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கித்தான் மொத்தப் புலத்துக்கு வந்து சேருகிறது. இன்னும் வேகமான கணினி வாங்கி, இன்னும் நுணுக்கமான மெஷ் போட்டு இதே இடத்தை அடைய முயன்றிருக்கலாம். கணக்கையே பிரித்துக்கொண்டது புத்திசாலித்தனம்.

சுருளின் கணக்கு நொடியில் முடிவதால் இன்னொரு கதவும் திறந்தது. ஒரு வடிவம் போட்டு, பார்த்து, திருத்துவதற்குப் பதிலாக, இயற்கைத் தேர்வைப் போல நல்லவற்றைக் கலந்து வளர்க்கும் மரபணு வழிமுறைகள் ஆயிரக்கணக்கான வடிவங்களைத் தாமாகவே முயன்று பார்க்க முடிந்தது. ஒரு கால் பகுதிக்கு ஐந்து பாளங்கள் என்றிருந்த சுருள் ஆறு பாளங்களாக மாறியதில் அந்தத் தேடலுக்குப் பங்கு உண்டு.

பெயரில் இருக்கும் மூன்று வேலைகள்

ராக்ஸியின் முழுப்பெயர் குறுக்குவெட்டை மேம்படுத்துதல், தலைகீழ்ப் புலக் கணக்கு, சுருள் முனை வடிவமைப்பு என்று மூன்று வேலைகளைச் சொல்கிறது. புலம் கணக்கிடுவது அதில் தனி வேலையாகக்கூட வரவில்லை!

சுருளின் முனைகளில் கேபிள் குழாயின் மேல் வளைந்து ஏறித் திரும்ப வேண்டும். இடைவெளிகளை நிரப்பும் துண்டுகள் விநோதமான வளைபரப்பு கொண்டவை. அவற்றின் வடிவத்தைக் கணக்கிட்டு, ஐந்து அச்சு சி.என்.சி எந்திரத்துக்குத் தேவையான தரவு வரை ராக்ஸி கொடுத்தது. புலத்தை மிகச் சரியாகக் கணக்கிட்டுவிட்டு, வடிவத்தை வேறொரு வரைவு மென்பொருளில் கையால் மறுபடி வரைந்தால் அங்கே நுழையும் பிழை எந்தத் துல்லியத்தையும் தின்றுவிடும். என் பார்வையில் ராக்ஸி ஜெயித்ததில் பாதிக் காரணம் இது. தொழிற்சாலைத் தரைக்குப் போய்ச் சேராத துல்லியம் அறிக்கைக்குத்தான் உதவும்.

தலைகீழ்க் கணக்கு இன்னும் சுவையானது. காந்தங்களைப் பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி என்று மூன்று நாடுகளில் மூன்று நிறுவனங்கள் செய்தன. மீக்கடத்தி நிலைக்குக் குளிர்விக்க நாள்கணக்கில் ஆகும், செலவும் அதிகம். அதனால் தொழிற்சாலையிலேயே, அறை வெப்பநிலையில், சிறிய மின்னோட்டம் விட்டு ஹார்மோனிக்குகளை அளந்தார்கள். அறை வெப்பநிலையில் நையோபியம்–டைட்டானியம் மீக்கடத்தியாக இராது. கேபிளில் உள்ள செப்பு வழியே மின்னோட்டம் போகும். புலம் மிகச் சிறியது. ஆனால் யூனிட் என்பது விகிதம்தானே, வடிவம் அப்படியே தெரியும்.

ஒரு காந்தத்தில் ஹார்மோனிக் வழக்கத்துக்கு மாறாகத் துள்ளினால், சுருளில் எந்தப் பாளம் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருந்தால் இப்படி வரும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். காப்புத் தாள் ஒன்றுக்குப் பதில் இரண்டு வைத்துக் கட்டிவிட்டது போன்ற பிழைகள் இப்படிப் பிடிபட்டன. திறந்து பார்க்கும்போது கணக்கு சொன்ன இடத்தில் தவறு இருந்தது. 15 மீட்டர் நீளக் காந்தத்துக்குள் ஒரு மெல்லிய தாள் மிகையாக இருப்பதை, திறக்காமலேயே அளந்த சில எண்களிலிருந்து கண்டுபிடிப்பது சின்ன விஷயமா என்ன?

தயாரிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே சராசரி ஹார்மோனிக்குகள் விரும்பிய எல்லையைத் தாண்டுவதும் தெரிந்தது. செப்பு ஆப்புகளின் வடிவத்தைச் சற்று மாற்றினார்கள். பிறகு நடுத்தளத்தில் மெல்லிய காப்பைக் கூட்டினார்கள். கணக்குக்கும் அளவீட்டுக்கும் இப்படி ஒத்துப்போகாத இடம் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. சுருளை அழுத்திக் காலர் போடும்போதும், குளிர்ந்து சுருங்கும்போதும் கம்பிகள் வரைபடத்தில் இருந்த இடத்திலேயே இருப்பதில்லை. 0.1 மி.மீ நகர்ந்தாலே யூனிட் கணக்கில் தெரியும். மின்காந்தக் கணக்கு எத்தனை இலக்கம் சரியாக இருந்தாலும், கம்பி எங்கே இருக்கிறது என்று எந்திரவியல் சொல்லும் துல்லியம்தான் கடைசி எல்லை.

இன்னொரு சங்கடம் மீக்கடத்தியே தருவது. 450 கிகா எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் கற்றை உள்ளே நுழையும்போது புலம் வெறும் 0.54 டெஸ்லா. அந்தக் குறைந்த புலத்தில், ஏழு மைக்ரோமீட்டர் அளவுள்ள மீக்கடத்தி நுண்ணிழைகளுக்குள் சுழலும் நிலைத்த மின்னோட்டங்கள் பி3-ஐப் பல யூனிட் கெடுக்கின்றன. இதற்கான மாதிரிகளும் பின்னர் ராக்ஸிக்குள் வந்தன. தீர்வு என்னவோ நேரடியானது: ஒவ்வொரு இருமுனைக் காந்தத்தின் முனையிலும், கற்றைத் துளைக்கு ஒன்றாக, சிறிய அறுமுனைத் திருத்தக் காந்தங்கள். அந்தத் திருத்தக் காந்தங்களில் கணிசமான பகுதி இந்தியாவிலிருந்து, இந்தோரில் உள்ள ராஜா ராமண்ணா மையத்தின் பொறுப்பில் போனவை.

வேறு எண், வேறு கருவி

இதையெல்லாம் படித்துவிட்டு ‘அப்படியானால் ராக்ஸிதான் சிறந்தது’ என்று யாராவது கிளம்பினால் கதை தலைகீழாகிவிடும். பிரான்சில் கிரனோபிள் நகரில் உள்ள ஈ.எஸ்.ஆர்.எஃப் ஒளிமூலத்துக்கு வேண்டியது அன்டுலேட்டர்கள்: நிரந்தரக் காந்தத் துண்டுகளை வரிசையாக அடுக்கிய கருவிகள். அங்கே சுருளே இல்லை. எலெக்ட்ரான் கடந்து செல்லும் பாதை முழுவதும் புலத்தைக் கூட்டிப் பார்க்கும் எண்தான் முக்கியம். அவர்கள் 1990களில் ராடியா என்ற வேறொரு கருவியை எழுதினார்கள். அது காந்தத் துண்டுகளையும் இரும்பையும் மட்டும் வெட்டுகிறது. காற்றைத் தொடுவதே இல்லை. மேத்தமேட்டிக்காவிலிருந்து இயக்கும்படி இருந்தது, இப்போது பைத்தானிலும் கிடைக்கிறது.

நம் ஊர்ப் பக்கம் வந்தால், சீலிங் ஃபேன் பி.எல்.டி.சி மோட்டார் செய்பவருக்கு இவை எதுவும் வேண்டாம். 12 ஸ்லாட், 14 துருவம் என்றால் அவரைத் தூங்கவிடாத எண் காகிங் டார்க்: மின்சாரம் இல்லாதபோதும் காந்தங்கள் இரும்புப் பற்களைப் பிடித்து இழுக்கும் விசை. ஃபேன் மெதுவாகச் சுற்றும்போது வரும் உறுமல் அதிலிருந்துதான். 12-க்கும் 14-க்கும் மீச்சிறு பொது மடங்கு 84. எனவே ஒரு சுற்றில் 84 துடிப்பு, ஒரு துடிப்புக்கு 4.29 பாகை. அதன் உருவம் தெரிய அரைப் பாகைக்கும் குறைவான படிகளில் ரோட்டரைத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு படியிலும் காற்றிடைவெளியின் மெஷ் மாறினால், மெஷ் இரைச்சலே காகிங்கைவிடப் பெரிதாக வரும். இலவசமாகக் கிடைக்கும் ஃபெம் (FEMM) என்ற மென்பொருள் இருபரிமாணத்துக்குத்தான், நேரத்தோடு மாறும் கணக்கும் அதில் இல்லை. ஆனால் ரோட்டரை மறு மெஷ் இல்லாமல் திருப்பும் காற்றிடைவெளி எல்லை நிபந்தனை அதில் இருக்கிறது. லுவா என்ற நிரல்மொழியில் எழுதி இரவு முழுக்க ஓடவிடலாம். காகிங்குக்கு அது போதும். ஆனால் ஃபெரைட் காந்தம் இரும்புத் தகடுகளாலான ஸ்டாம்பிங் அடுக்கைவிட மேலும் கீழும் நீண்டிருந்தால், அந்த மிகைப் பகுதி தரும் பாய்வை இருபரிமாணக் கணக்கு பார்க்கவே பார்க்காது. அப்போது எல்மர் என்ற இலவச மென்பொருளோ, காசு கொடுத்து வாங்கும் முப்பரிமாணத் தொகுப்போ தேவை. அதே மோட்டார்தான், எண் மாறியதும் கருவியும் மாறிவிடுகிறது.

செர்னுக்கும் அதுவே நேர்ந்தது. 2008 செப்டம்பர் 19-ஆம் நாள், 8.7 கிலோ ஆம்பியரில், காந்தங்களுக்கு நடுவே உள்ள ஓர் இணைப்பு உருகி, டன் கணக்கில் ஹீலியம் சுரங்கத்துக்குள் கொட்டியது. 53 காந்தங்களை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. பழுது காந்தத்துக்குள் இல்லை, இரண்டு கடத்திகளை இணைத்த பற்றாசில் இருந்தது. ஹார்மோனிக்கைத் தேடும் மென்பொருள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அந்தக் கேள்வி அதனிடம் கேட்கப்படவே இல்லை.

மீக்கடத்தி திடீரெனத் தன் நிலையை இழக்கும் ‘குவென்ச்’ கணக்கில் புலம், வெப்பம், மின்சுற்று மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும். அதற்காக செர்ன் ஸ்டீம் என்ற தொகுப்பை உருவாக்கியது. இந்த முறை எல்லாவற்றையும் ஒரே நிரலில் திணிக்கவில்லை. தனித்தனிக் கருவிகளை ஒன்றோடொன்று பேச வைத்தார்கள். அதன் ஒரு பகுதி கோம்சால் என்ற வணிக மென்பொருளுக்கான மாதிரிகளைத் தானே எழுதிக்கொடுக்கிறது. ஃபிகஸ் என்ற இன்னொரு பகுதி ஜிமெஷ், கெட்டிடிபி என்ற இரண்டு திறமூல நிரல்களின் மேல் நிற்கிறது. இரண்டையும் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.